தொப்புள்கொடி தானாக விழும்வரை விட்டுவைக்கலாமா?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 29. முதல் பிரசவம், இப்போது 34 வாரம். குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடியை அறுக்காமல், நஞ்சுக்கொடியோடு சேர்த்தே வைத்திருந்து, கொடி தானாகக் காய்ந்து விழும்வரை விட்டுவிடும் 'லோட்டஸ் பர்த்' முறையைப் பற்றி நானும் கணவரும் சில மாதங்களாகப் படித்து வருகிறோம். குழந்தைக்குச் சேர வேண்டிய ரத்தம் முழுவதும் சேரும், நோய் எதிர்ப்புச் சக்தி கூடும், கொடியை வெட்டும் வலியும் அதிர்ச்சியும் இருக்காது என்கிறார்கள். விலங்குகள் எதுவும் கத்தரிக்கோல் வைத்து வெட்டுவதில்லையே என்றும் தோன்றுகிறது. நான் காட்டும் மருத்துவரிடம் கேட்டேன். "அதெல்லாம் இங்கே நடக்காது" என்று முடித்துவிட்டார். அதனால் வீட்டிலேயே, கணவரும் அக்காவும் மட்டும் உடனிருக்க, பிரசவம் பார்த்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிறோம். அம்மா கேட்டதிலிருந்து அழுதுகொண்டே இருக்கிறார். குழந்தைக்கு எது நல்லதோ அதைச் செய்யத்தான் ஆசைப்படுகிறேன். ஹீமோகுளோபின் 9.4. மற்றபடி எல்லாம் நார்மல். உங்கள் ஆலோசனை வேண்டும்.

பதில்: அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை படித்தபோது தொப்புள்கொடி பற்றி என்ன எழுதலாம் என்றுதான் மனம் ஓடியது. இரண்டாவது முறை கண்ணில் பட்டது வேறு இரண்டு விஷயங்கள்: "வீட்டிலேயே" என்ற சொல், கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கும் 9.4 என்ற எண். கொடியை அறுப்பதா வேண்டாமா என்பதைவிட எனக்குக் கவலை தருபவை இவைதான். ஆனாலும் நீங்கள் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கேட்டதற்குப் பதில் கிடைக்காததால்தானே வீட்டுப் பிரசவம் வரை யோசிக்கும்படி ஆகிவிட்டது.

உங்கள் ஆசையில் பாதி முழுக்க முழுக்க நியாயமானது. குழந்தை பிறந்த நொடியில் அதன் ரத்தம் முழுவதும் அதன் உடம்புக்குள் இருப்பதில்லை. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நஞ்சுக்கொடியிலும் தொப்புள்கொடியிலும் இருக்கிறது. இது தாயின் ரத்தம் அல்ல, குழந்தையின் சொந்த ரத்தம். கருவில் இருந்தவரை அது நஞ்சுக்கொடி வரை போய், ஆக்ஸிஜனையும் சத்தையும் வாங்கிக்கொண்டு திரும்பி வந்துகொண்டிருந்தது. பிறந்தவுடனே கொடியில் கிளாம்ப் (கொடியை இறுக்கி ரத்த ஓட்டத்தை நிறுத்தும் கவ்வி) போட்டுவிட்டால், வழியில் இருந்த ரத்தம் வெளியிலேயே நின்றுவிடும். கொஞ்சம் பொறுத்தால் வந்து சேர்ந்துவிடும். ஒரு நிமிடத்தில் சுமார் 80 மில்லி, மூன்று நிமிடத்தில் சுமார் 100 மில்லி. மூன்று கிலோ குழந்தையின் உடம்பில் ஓடும் மொத்த ரத்தமே ஏறக்குறைய 240 மில்லிதான் என்பதோடு சேர்த்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய அளவு என்பது புரியும்.

அந்த ரத்தத்தோடு இரும்புச்சத்தும் வருகிறது. தாய்ப்பாலில் இரும்புச்சத்து குறைவு என்பதால், முதல் ஆறு மாதம் குழந்தை பெரும்பாலும் பிறக்கும்போது கொண்டுவந்த சேமிப்பில்தான் ஓட்டுகிறது. ஸ்வீடனில் 400 குழந்தைகளை வைத்து நடத்தி 2011-ல் வெளியிட்ட ஆய்வில், 10 நொடிக்குள் கிளாம்ப் போட்ட குழந்தைகளையும் மூன்று நிமிடம் காத்திருந்து போட்ட குழந்தைகளையும் ஒப்பிட்டார்கள். நான்காவது மாதத்தில் இரும்புச்சத்துக் குறைபாடு முதல் பிரிவில் 5.7 சதவீதம், இரண்டாவதில் 0.6 சதவீதம். அதே குழந்தைகளில் ஒரு பகுதியினரை நான்கு வயதில் மறுபடி பார்த்தபோது, காத்திருந்த பிரிவினருக்கு விரல்களால் செய்யும் நுணுக்கமான வேலைகள், குறிப்பாக ஆண் குழந்தைகளுக்கு, சற்றுக் கூடுதலாகக் கைவந்திருந்தன. மூன்று நிமிடப் பொறுமைக்கு நான்கு வருடம் கழித்தும் பலன் தெரிகிறது.

நான் பயிற்சி எடுத்த காலத்தில் எங்களுக்குக் கற்றுக் கொடுத்தது இதற்கு நேர் எதிர். தலை வந்து, தோள் வந்து, குழந்தை வெளியே வந்த கையோடு இரண்டு கிளாம்ப், நடுவே ஒரு வெட்டு. தாய்க்கு ரத்தப்போக்கு வராமல் தடுக்கும் முறையில் அதுவும் ஒரு படி என்று நம்பினோம். பிறகு ஆய்வுகள் வந்தன. தாயின் ரத்தப்போக்கைத் தடுப்பது, கருப்பையை இறுக வைக்கும் ஆக்ஸிடோசின் ஊசிதான், அவசரமாகக் கொடியை அறுப்பது அல்ல என்று தெரிந்தது. உலக சுகாதார நிறுவனம் இன்று சொல்வது, ஒரு நிமிடத்துக்கு முன்பு கிளாம்ப் போடக்கூடாது, ஒன்று முதல் மூன்று நிமிடம் வரை காத்திருக்க வேண்டும் என்பதே. அந்த நாட்களில் என் கையால் அவசரப்பட்டு அறுத்த கொடிகளை நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. அதனால் இந்த விஷயத்தில் கேள்வி கேட்கும் தாய்மார்களை நான் ஒருநாளும் தொந்தரவு என்று நினைப்பதில்லை. அவர்கள் கேட்டிருந்தால் நாங்கள் சீக்கிரமே திருந்தியிருப்போம்.

ஆனால் நீங்கள் கேட்பது மூன்று நிமிடம் அல்ல, மூன்றிலிருந்து பத்து நாள். அங்கேதான் நான் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. ஏன் என்பதை, பிரசவ அறையில் என் விரலுக்குத் தெரியும் விதத்திலேயே சொல்கிறேன்.

குழந்தை பிறந்ததும் தாயின் வயிற்றின் மேல் படுக்க வைத்துவிட்டு, தொப்புளுக்கு அருகே கொடியை இரண்டு விரலால் லேசாகப் பிடித்துப் பார்ப்பேன். பெருவிரல் கனம் இருக்கும். முறுக்கிய கயிறு மாதிரி சுற்றிச் சுற்றி, நீலமும் வெள்ளையும் கலந்து, ஈரமாகப் பளபளக்கும். உள்ளே ஒரு சிரை, இரண்டு தமனி, அவற்றைச் சுற்றி கெட்டியான ஜெல்லி. விரலுக்கடியில் குழந்தையின் இதயத்துடிப்பு துல்லியமாகத் தெரியும். குழந்தை வீறிட்டு அழ ஆரம்பிக்கும், நெஞ்சு விரியும், உடம்பு இளஞ்சிவப்பாகும். துடிப்பு மெல்ல மெல்லக் குறையும். வெளிக்காற்றின் குளிர்ச்சியில் ஜெல்லி சுருங்குகிறது, ரத்தத்தில் ஆக்ஸிஜன் ஏற ஏற தமனிகள் தாமாகவே இறுகுகின்றன. சில நிமிடங்களில் நீல நிறம் போய்க் கொடி வெளுத்துவிடும், தட்டையாகித் துவண்டுவிடும். விரலுக்கடியில் எதுவும் அசையாது. இயற்கை தன் கிளாம்பைப் போட்டு முடித்துவிட்டது என்று அதற்கு அர்த்தம்.

அதற்குப் பிறகு அந்தக் கொடி வழியாகக் குழந்தைக்கு ஒரு சொட்டு ரத்தமும் போகாது. சத்தும் போகாது, எதிர்ப்புச் சக்தியும் போகாது, ஸ்டெம் செல்லும் போகாது. அரை நாள், ஒரு நாள், ஒரு வாரம் என்று சேர்த்து வைத்தாலும் கூடுதலாகக் கிடைக்க ஒன்றுமே இல்லை. தாயின் கருப்பையிலிருந்து பிரிந்து வெளியே வந்த நஞ்சுக்கொடி, ரத்த ஓட்டம் நின்றுபோன திசு. சொல்லக் கடினமாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும்: அது இறந்துவிட்ட திசு. அரை கிலோ எடை, ரத்தத்தில் ஊறியது. கிருமி வளர அதைவிட வசதியான இடம் கிடைக்காது. அதிலிருந்து நேராகக் குழந்தையின் தொப்புளுக்கு ஒரு பாதை, தொப்புளிலிருந்து கல்லீரலுக்குப் போகும் சிரை. பிறந்து சில நாளே ஆன குழந்தைக்குக் கிருமியோடு போராடும் பலம் மிகக் குறைவு. பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்களின் ராயல் கல்லூரி 2008-லேயே இதைக் காரணம் காட்டி எச்சரித்தது. அமெரிக்கக் குழந்தைகள் நல அகாடமி 2022-ல் இதைப் பற்றி எழுதியபோதும் இதில் தெளிவான நன்மை எதையும் காணவில்லை. இந்த முறையில் விட்டுவைத்த குழந்தைகளுக்குத் தொப்புளில் சீழ் பிடித்தது, இதயத்தின் உட்சவ்வில் தொற்று வந்தது என்றெல்லாம் மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன. எண்ணிக்கையில் அவை சிலதான். இப்படிச் செய்பவர்களே குறைவு என்பதால் பெரிய ஆய்வு நடத்த வழியில்லை, எத்தனை குழந்தைக்கு ஒன்றுக்குத் தொற்று வரும் என்று யாராலும் கணக்குச் சொல்ல முடியாது. நான் பார்க்கும் கணக்கு எளியது: ஒரு பக்கம் சிறியதோ பெரியதோ ஓர் ஆபத்து, மறு பக்கம் லாபம் பூஜ்யம்.

ஒரு தம்பதி என்னிடம் வந்தது இப்போதும் கண்ணில் நிற்கிறது. நான்காம் நாள். குழந்தை அப்பாவின் கையில், நஞ்சுக்கொடி துணிப்பையில் சுற்றி அம்மாவின் மடியில். அறைக்குள் நுழைந்ததுமே வாடை. உப்பும் வாசனைப் பொடியும் போட்டிருந்தார்கள். உப்பு ஈரத்தை உறிஞ்சும், வாடையைக் கொஞ்சம் அடக்கும், ஆனால் கிருமி வராமல் காக்கும் என்று யாரும் நிரூபிக்கவில்லை. கொடி காய்ந்து கம்பி மாதிரி விறைத்திருந்தது. குழந்தையை ஒருவர் தூக்கினால் பையை இன்னொருவர் அதே நேரத்தில் தூக்க வேண்டும், ஒரு விநாடி தவறினால் இழுபடும். அப்படி ஒருமுறை இழுபட்டிருக்கிறது. தொப்புளைச் சுற்றி வளையம் போட்டதுபோலச் சிவந்திருந்தது. அந்த அம்மா பால் கொடுக்க மடியில் இடம் இல்லாமல் நான்கு நாளாகத் திண்டாடியிருக்கிறார். நான் திட்டவில்லை. அவர்கள் கண்ணில் தெரிந்தது அலட்சியம் அல்ல, பயம். கொடியை அப்போதே அறுத்து, ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பி, குழந்தையை உள்ளே சேர்த்து ஆன்டிபயாடிக் கொடுத்தோம். குழந்தை நன்றாகித்தான் வீட்டுக்குப் போனது. எல்லாக் குழந்தைக்கும் அப்படி அமைந்துவிடும் என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது.

வெட்டினால் குழந்தைக்கு வலிக்குமே என்ற பயம் உங்களுக்கு வேண்டாம். தொப்புள்கொடியில் வலி உணரும் நரம்பு இல்லை. முடி வெட்டுவதுபோல, நகம் வெட்டுவதுபோலத்தான். கிளாம்பின் குளிர்ச்சி வயிற்றுத் தோலில் பட்டால் அதற்குக் குழந்தை சிணுங்கும், வெட்டுவதற்கு அல்ல. பால் குடித்துக்கொண்டே கொடி அறுபட்ட எத்தனையோ குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன், குடிப்பதை நிறுத்தவே இல்லை.

விலங்குகளைப் பற்றிச் சொல்லியிருந்தீர்கள். கத்தரிக்கோல் அவற்றிடம் இல்லை, பல் இருக்கிறது. நாயும் பூனையும் கொடியைக் கடித்துத் துண்டித்துவிடும். பசுவோ குதிரையோ எழுந்து நிற்கும்போது இழுபட்டு அறுந்துவிடும். சிம்பன்சிகள் சில சமயம் குட்டியோடு நஞ்சுக்கொடியையும் தூக்கிக்கொண்டு திரிவதுண்டு. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 1974-ல் தன் குழந்தைக்கு இப்படிச் செய்த கிளேர் லோட்டஸ் டே என்ற பெண்மணிக்கு அதுதான் தூண்டுதல் என்பார்கள். இந்த முறைக்குப் பெயர் வந்ததும் அவர் பெயரால்தான், தாமரைப் பூவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆக, நூற்றாண்டுகளாக வந்த பழைய ஞானம் என்று யாராவது சொன்னால், ஐம்பது ஆண்டுப் பழக்கம்தான் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இப்படிப் பிரசவித்த சில தாய்மார்கள் குழந்தை அமைதியாக இருந்தது, நெருக்கம் கூடியது என்று மனதார எழுதுகிறார்கள். அதை நான் பொய் என்று சொல்ல மாட்டேன். நஞ்சுக்கொடி கூடவே இருப்பதால் யாரும் குழந்தையை வாங்கிக் கைமாற்றுவதில்லை, தாய் எழுந்து நடமாடுவதில்லை, பார்க்க வருபவர்களும் குறைவு. நாள் முழுக்க அம்மாவும் குழந்தையும் ஒரே படுக்கையில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறார்கள். அந்த அமைதியைக் கொடுத்தது ஓய்வும் உடல் சூடும்தான் என்பது என் எண்ணம். அது உங்களுக்கும் கிடைக்க வேண்டும். பிறந்த உடனே குழந்தையைத் துடைத்து, உங்கள் வெற்று மார்பின் மேல் போட்டு, மேலே ஒரு துணி போர்த்தி, குறைந்தது ஒரு மணி நேரம் அப்படியே விடச் சொல்லுங்கள். எடை பார்ப்பது, குளிப்பாட்டுவது, படம் எடுப்பது எல்லாம் அதற்குப் பிறகு. அந்த ஒரு மணி நேரத்துக்குள் குழந்தை தானே தவழ்ந்து முலைக்காம்பைத் தேடும். பிறகு வீட்டிலும், வருகிறவர்கள் எல்லோரிடமும் குழந்தையைக் கொடுக்காமல் சொல்லிவைக்க உங்கள் அக்காவைவிடத் தோதான ஆள் வேண்டுமா!

இனி என் உண்மையான கவலைக்கு வருகிறேன்.

நிறைமாதத்தில் கருப்பைக்கு ஒரு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் பாய்கிறது. நஞ்சுக்கொடி பிரிந்ததும், அது ஒட்டியிருந்த இடத்தில் ரத்தக்குழாய்கள் எல்லாம் வாய் திறந்து நிற்கும். கருப்பை உடனே கல் மாதிரி இறுகினால்தான் அவை மூடும். பெரும்பாலானவர்களுக்கு இறுகிவிடும். சிலருக்கு இறுகாது. யாருக்கு இறுகாது என்பதை முன்கூட்டியே முழுமையாகச் சொல்ல எந்த ஸ்கேனாலும் முடியாது, எல்லாம் நார்மல் என்று எழுதியிருந்த பெண்களுக்கே இது நடக்கிறது. உலகம் முழுக்க ஆண்டுக்குப் பல்லாயிரம் பெண்கள் பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கில் இறக்கிறார்கள். ஆரோக்கியமான பெண்கூட, கவனிப்பு இல்லாவிட்டால், சில மணி நேரத்துக்குள் போய்விடுவாள். உங்களுக்கோ 9.4. கர்ப்பத்தில் 11-க்குக் கீழே போனாலே ரத்தசோகைதான். 13 உள்ள பெண் தாங்கிக்கொள்ளும் ரத்த இழப்பை உங்கள் உடம்பு தாங்காது. "மற்றபடி எல்லாம் நார்மல்" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த ஒன்று நார்மல் இல்லை என்பதை யாராவது உங்களிடம் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும்.

ஒரு காட்சியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பயமுறுத்தச் சொல்லவில்லை. எந்த மருத்துவமனையிலும் நடக்கக்கூடியதுதான், அங்கே சமாளித்துவிடுவோம். குழந்தை பிறந்து அரை மணி நேரம் ஆகிறது. நஞ்சுக்கொடி வெளியே வரவில்லை. ரத்தம் வந்துகொண்டே இருக்கிறது. குழந்தை கொடியோடு, கொடி உங்களோடு. உங்களை உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். கொடியை அறுக்காமல் எப்படி ஓடுவது? வீட்டில் கிடக்கும் கத்தரிக்கோலை எடுத்து உங்கள் கணவர் அறுப்பார். கிருமி நீக்காத கருவியால் கொடியை அறுத்ததால்தான் பிறந்த குழந்தைக்கு ரணஜன்னி (டெட்டனஸ்) வந்து எத்தனையோ உயிர்கள் போயின. அல்லது பதற்றத்தில் அக்கா கொடியைப் பிடித்து இழுப்பார். இறுகாத கருப்பையிலிருந்து கொடியை இழுத்தால், சில சமயம் கருப்பையே உள்பக்கம் வெளியாகப் புரண்டு வந்துவிடும். உங்கள் கணவரும் அக்காவும் உங்கள் மேல் உயிரையே வைத்திருக்கலாம். ஆனால் கருப்பையை இறுக வைக்கும் ஊசியும் ஏற்றுவதற்கு ரத்தமும் அவர்களிடம் இருக்காது.

குழந்தை பக்கமும் இதே கதைதான். பத்தில் ஒரு குழந்தைக்குப் பிறந்ததும் மூச்சுவிட ஏதாவது உதவி தேவைப்படுகிறது. பெரும்பாலும் துடைத்துவிட்டு முதுகைத் தேய்த்தாலே போதும். அது போதாத குழந்தைக்கு முதல் நிமிடத்துக்குள் மாஸ்க் வைத்துக் காற்றுக் கொடுக்கத் தெரிந்த ஒரு கை பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

ஆகவே, பிரசவம் மருத்துவமனையில்தான். இதில் மட்டும் நான் உங்களிடம் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

உங்கள் மருத்துவர் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார் என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். அந்த வருத்தம் நியாயம். ஆனால் நீங்கள் கேட்ட பெயரிலேயே அவர் மிரண்டிருக்கலாம். அடுத்த முறை அந்தப் பெயரைச் சொல்லாமல் கேட்டுப் பாருங்கள்: "குழந்தையும் நானும் நன்றாக இருந்தால், கொடியில் துடிப்பு நின்று வெளுக்கும்வரை கிளாம்ப் போடாமல் காத்திருப்பீர்களா? குறைந்தது மூன்று நிமிடம்?" இதை ஒரு தாளில் எழுதி உங்கள் ஃபைலில் வைக்கச் சொல்லுங்கள், லேபர் வார்டில் அன்று யார் பணியில் இருப்பார்கள் என்று சொல்ல முடியாது. இங்கிலாந்தின் தேசிய வழிகாட்டுதல், ஐந்து நிமிடத்துக்கு மேலும் காத்திருக்கத் தாய் விரும்பினால் அதற்கு ஆதரவு கொடுக்க வேண்டும் என்றே சொல்கிறது. நஞ்சுக்கொடி வெளியே வந்த பிறகு கொடியை அறுக்கலாமா என்று கேட்டால், ரத்தப்போக்கு இல்லாத பட்சத்தில் ஒப்புக்கொள்ளும் மருத்துவர்களும் இருக்கிறார்கள். என்னிடம் கேட்டால் நான் ஒப்புக்கொள்வேன். உங்கள் கணவர் கையால் கொடியை அறுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டால் அதையும் கேளுங்கள். கிளாம்ப் போட்டுவிட்டு, கிருமி நீக்கிய கத்தரிக்கோலை அவர் கையில் கொடுப்பதில் எங்களுக்கு ஒரு சிரமமும் இல்லை. நினைத்ததைவிடக் கெட்டியாக இருக்கும், ஒரே வெட்டில் அறாது என்று மட்டும் அவரிடம் சொல்லிவையுங்கள்.

காத்திருக்கும்போது குழந்தையைக் கீழே தாழ்த்திப் பிடிக்க வேண்டும், அப்போதுதான் ரத்தம் இறங்கும் என்று முன்பு சொல்வோம். அர்ஜென்டினாவில் நடந்து 2014-ல் வெளியான ஆய்வில், தாயின் வயிற்றின் மேல் படுக்க வைத்த குழந்தைக்கும் ஏறக்குறைய அதே அளவு ரத்தம் சேர்ந்தது தெரியவந்தது. எனவே குழந்தை உங்கள் மேலேயே இருக்கலாம். ஆக்ஸிடோசின் ஊசியைத் தள்ளிப்போடச் சொல்லாதீர்கள். அது உங்கள் தொடையில் போடுவது, காத்திருப்பதற்கு அதனால் இடைஞ்சல் இல்லை. சிசேரியன் ஆனாலும் 30 முதல் 60 நொடி காத்திருக்க முடியும், அதையும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். குறைமாதத்தில் வலி வந்துவிட்டால் இந்தக் காத்திருப்பு இன்னும் முக்கியம், ஏனென்றால் குறைமாதக் குழந்தைகளில் அது உயிரிழப்பையே குறைக்கிறது. கொடியை விரலால் அழுத்தி ரத்தத்தைக் குழந்தை பக்கம் தள்ளிவிடும் முறையை மட்டும் 28 வாரத்துக்கு முந்தைய குழந்தைகளுக்குச் செய்யக்கூடாது, மூளையில் ரத்தக்கசிவு கூடுகிறது. நீங்கள் 34-ஐத் தொட்டுவிட்டதால் அந்தக் கவலை உங்களுக்கு இல்லை.

காத்திருப்பதால் ஒரு சிறிய பின்விளைவு உண்டு, அதை மறைக்க மாட்டேன். ரத்தம் கூடுதலாகச் சேர்வதால் மஞ்சள் காமாலைக்காக நீல விளக்கின் கீழ் வைக்க வேண்டிய குழந்தைகள் சற்று அதிகம்: ஆய்வுகளில் நூற்றுக்கு 3-க்குக் கீழே இருந்தது 4-ஐத் தாண்டியது. கவனித்தால் சரியாகிவிடக்கூடியதே. மூன்றாம் நாள், ஐந்தாம் நாள் குழந்தையைக் கட்டாயம் காட்டிவிடுங்கள்.

அன்றைய தினம் உங்களுக்கு ரத்தம் அதிகம் போனாலோ, குழந்தை சோர்ந்து பிறந்தாலோ, கொடி அறுந்து ரத்தம் கசிந்தாலோ மருத்துவர் உடனே கிளாம்ப் போடுவார். அப்போது "கேட்டேனே, காத்திருக்கவில்லையே" என்று மனம் நோகாதீர்கள். அந்த நேரத்தில் குழந்தைக்குத் தேவைப்படுவது 80 மில்லி ரத்தத்தைவிட மூச்சாக இருக்கும். இரும்புச்சத்தைப் பிறகு சொட்டு மருந்தாகவும் கொடுத்துக்கொள்ளலாம்.

வீட்டுக்கு வந்த பிறகு, தொப்புளில் ஒட்டியிருக்கும் சிறு துண்டு 5 முதல் 15 நாளுக்குள் கறுத்துச் சுருங்கித் தானாக விழும். நீங்கள் ஆசைப்பட்ட "தானாக விழுவது" இந்தத் துண்டுக்குப் போதும். உலர்வாக வைத்திருங்கள், டயப்பரை அதற்குக் கீழே மடித்துக் கட்டுங்கள், எண்ணெய், பவுடர் எதையும் தடவாதீர்கள், பாதி தொங்குகிறதே என்று பிடித்து இழுக்காதீர்கள். மருத்துவமனையில் ஏதாவது மருந்து தடவச் சொன்னால் அதை மட்டும் செய்யுங்கள். தொப்புளைச் சுற்றித் தோல் சிவந்து வீங்கினால், சீழோ துர்நாற்றமோ வந்தால், குழந்தை பால் குடிக்காமல் துவண்டு கிடந்தால், உடம்பு சுட்டாலும் சில்லிட்டாலும், விடியட்டும் என்று காத்திருக்காமல் கிளம்பிவிடுங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும் கொடியை விட்டுவைத்தே தீர்வது என்று நீங்கள் இருவரும் முடிவெடுத்தால், அதையும் மறைக்காமல் மருத்துவமனையில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். அங்கேயே பிரசவம் ஆகட்டும், குழந்தைகள் நல மருத்துவர் தினமும் பார்க்கட்டும். மேலே சொன்ன அறிகுறிகளில் ஒன்று தென்பட்டாலும் அந்த நிமிடமே கொடியை அறுக்கச் சம்மதிப்போம் என்று இப்போதே உங்களுக்குள் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, இன்றே தொடங்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. 34 வாரத்தில் 9.4 என்றால் நேரம் குறைவு. இரும்புச்சத்து மாத்திரையை ஒழுங்காக எடுக்கிறீர்களா, காபி, தேநீர், கால்சியம் மாத்திரையோடு சேர்த்து விழுங்கிவிடுகிறீர்களா என்று பாருங்கள். சேர்த்து எடுத்தால் இரும்பு உடம்பில் ஏறாது, இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். மாத்திரை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டிருந்தால் மருத்துவரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். சிரை வழியாக ஏற்றும் இரும்புச்சத்து மருந்து இருக்கிறது, இந்த மாதத்தில் அதுதான் வேகமாக வேலை செய்யும். ஒருமுறை அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவர் கேட்க நினைப்பதையும் அங்கேயே கேட்டுவிடட்டும். இந்த வாரமே ஹீமோகுளோபினை மறுபடி பரிசோதித்து, என்ன எண் வந்தது என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.